முன்கதையை முதலில் படிக்கலாமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 4

நீண்ட ஃபேண்டஸி, அறிவியல் புனைவுத் தொடர்களைக் கதைக்குள் காலம் ஓடும் வரிசையில் படிப்பதே சரி என்கிறேன். தாத்தா கதை முதலில், பேரன் கதை பிறகு. எழுத்தாளர் எந்த வருடம் எதை எழுதினார் என்பது அவர் பாடு, வாசகனுக்கு என்ன வந்தது? பதிப்பாளர்களே 1, 2, 3 என்று எண் போட்டு விற்கிறார்கள். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 4, இரவு

மறுக்கிறேன். முன்கதை என்பது பெரும்பாலும் பின்னால் எழுதப்படுவது. எழுதும்போதே, படிப்பவருக்கு முந்தைய நூல்கள் தெரியும் என்ற நினைப்பு எழுத்தாளருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எதை விளக்க வேண்டியதில்லை, எந்தப் பெயரைக் கேட்டதும் வாசகர் நிமிர்ந்து உட்காருவார் என்றெல்லாம் அதை வைத்தே கணக்குப் போடுகிறார். வரிசையைத் திருப்பினால் கணக்கு பிசகும்.

சி. எஸ். லூயிஸின் நார்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நூல்கள். 1950இல் முதலில் வந்தது ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’. நார்னியா உருவான கதையைச் சொல்லும் ‘த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ ஆறாவதாக, 1955இல் வந்தது. 1994க்குப் பிறகு பரவலான பதிப்புகளில் அதற்குத்தான் எண் 1. பனிக்காட்டின் நடுவில் ஒரு தெருவிளக்கு தன்னந்தனியாக எரிந்துகொண்டிருப்பதை லூசி என்ற சிறுமி பார்க்கும் இடம் 1950 நூலின் உயிர். எண் 1ஐ முதலில் படித்தவருக்கு அந்த விளக்கு அங்கே எப்படி முளைத்தது என்று முன்பே தெரியும். நார்னியாவுக்குள் நுழையும் வழியான அலமாரி எந்த மரத்தில் செய்தது என்றும் தெரியும். வியப்பு இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓ, அதுவா’ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று. நார்னியாவின் சிங்கமான அஸ்லானின் பெயர் முதல்முறை காதில் விழும்போது, அவர் யாரென்று உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும் என்று கதைசொல்லி நேராக நம்மிடமே பேசுகிறார். முன்கதையில் அஸ்லான் பாடிப் பாடி உலகத்தையே படைத்து முடித்ததைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் இந்த வரி பொய்யாகிறது.

ஜனவரி 5

லூயிஸே கதைக்கால வரிசையை ஆதரித்துக் கடிதம் எழுதினாரே என்று எதிர்வாதம் வந்திருக்கிறது. எழுதினார், 1957இல், ஒரு சிறுவனுக்கு. அம்மா சொல்லும் வரிசையைவிட உன் வரிசைதான் எனக்கும் ஒத்துப்போகிறது என்றார். அதே கடிதத்தில், எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை போலிருக்கிறது என்றும் சொல்கிறார். பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பையனிடம் அன்பாக இருந்திருக்கிறார், அவ்வளவுதான். மேலே சொன்ன வரி அச்சில் அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 5, மாலை

நூலைக் கையில் வைத்துக்கொண்டு வெளிவந்த வரிசையைக் கண்டுபிடிக்கும் வழி: தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் உரிமைப் பக்கம். அதில் பார்க்க வேண்டியது முதல் வெளியீட்டு ஆண்டு. உங்கள் பிரதி அச்சான ஆண்டு எதற்கும் உதவாது. இரண்டு ஆண்டுகள் இருந்தால் பழையது இதழில் தொடராக வந்ததாகவோ வேறு நாட்டுப் பதிப்பாகவோ இருக்கும். ‘திருத்திய பதிப்பு’ என்ற சொல் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். அட்டை முதுகில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எண் போடுவது விற்பனைப் பிரிவு.

ஜனவரி 7

நார்னியா குழந்தை நூல், பெரியவர்கள் தொடரில் இந்தச் சிக்கல் வராது என்கிறார் ஒருவர். இ. இ. ஸ்மித்தின் லென்ஸ்மேன் தொடரைப் பாருங்கள். நான்கு நாவல்கள் 1937 முதல் 1948 வரை இதழில் வந்தன. நாயகன் ஒரு எதிரியை வீழ்த்துவான், அவனுக்கு மேல் ஒருவன் இருப்பது தெரியவரும், அவனையும் வீழ்த்தினால் அவனுக்கும் மேலே ஒருவன். வெங்காயத்தை உள்ளிருந்து வெளியே உரிப்பது மாதிரி. அந்தத் தொடரின் இன்பமே அதுதான், வேறு பெரிய இலக்கிய இன்பம் எதையும் அதில் தேட வேண்டாம். பிறகு ஸ்மித், சம்பந்தமே இல்லாத தன் 1934 கதையான ‘டிரைபிளேனட்டரி’யை எடுத்து, புதிய முன்பகுதி சேர்த்து, 1948இல் தொடரின் முதல் நூலாக்கினார். அதன் தொடக்கத்திலேயே மேல்மட்ட எதிரி யார், அவனை எதிர்ப்பவர் யார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். ‘டிரைபிளேனட்டரி’யில் தொடங்கியவர், நாயகன் நான்கு நூல்களாகத் தேடும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எப்போது கண்டுபிடிப்பான் என்று கொட்டாவி விடுவார்.

‘கேலக்டிக் பேட்ரோல்’, ‘கிரே லென்ஸ்மேன்’, ‘செகண்ட் ஸ்டேஜ் லென்ஸ்மென்’, ‘சில்ட்ரன் ஆஃப் த லென்ஸ்’. இந்த நான்கு போதும். பாலமாக 1950இல் எழுதிச் சேர்த்த ‘ஃபர்ஸ்ட் லென்ஸ்மேன்’, தொடர்மேல் பாசம் வந்தவர்களுக்கு.

ஜனவரி 9

அசிமோவ் பற்றி அதிகம் கேட்கப்பட்டிருப்பதால் விரிவாக.

ஃபவுண்டேஷன் தொடரில் அவர் எழுதியவை ஏழு. முதல் மூன்று 1951, 1952, 1953. முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ 1982, ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ 1986. முன்கதைகள் இரண்டு: ‘பிரெலூட் டு ஃபவுண்டேஷன்’ 1988, ‘ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்’ அவர் இறந்த மறு ஆண்டு, 1993. இவற்றுக்கு இணையாக ரோபோ நாவல்கள்: ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ 1954, ‘த நேக்கட் சன்’ 1957, ‘த ரோபோட்ஸ் ஆஃப் டான்’ 1983, ‘ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்’ 1985. எண்பதுகளில் இரண்டு ஓடைகளையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

‘பிரெலூட்’ நூலைக் கதைக்காலப்படி ஃபவுண்டேஷனின் முதல் நூலாக எடுத்தால் என்ன ஆகும்? முடிவில் ஒரு பாத்திரம் உண்மையில் யார் என்ற திரை விலகுகிறது. ரோபோ நாவல்களைப் படித்தவருக்குத் தூக்கிவாரிப்போடும். படிக்காதவருக்கோ அது முன்பின் கேள்விப்படாத ஒரு பெயர். யாரோ கதவைத் திறந்து யாரோ உள்ளே வந்தார் என்ற அளவில் கடந்துபோவார். அடுத்த நஷ்டம், வருங்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஹாரி செல்டன். 1951 நூலில் அவர் வயதானவர், சில பக்கங்களே நேரில் வருகிறார், மீதியெல்லாம் அவர் நிழல்தான். அந்தத் தொலைவு இருந்தால்தான் அவர் கணக்கு ஒவ்வொரு முறை பலிக்கும்போதும் நமக்குப் புல்லரிக்கும். ‘பிரெலூட்’டில் அவர் ஊரெல்லாம் துரத்தப்பட்டு ஓடும் இளைஞர். முதலில் ஓடவிட்டுப் பார்த்தவரிடம் பிறகு பயபக்தி எங்கே வரும்?

‘பிரெலூட்’ முன்னுரையில் அசிமோவ் எல்லா நூல்களையும் கதைக்காலப்படி பட்டியல் போட்டிருக்கிறார். பலரும் அதையே வாசிப்பு வரிசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கொடுத்தது வருங்காலத்தின் வரலாற்று அட்டவணை. ஆரம்பத்தில் ஒத்திசைவாகத் திட்டமிடாததால் முழுக்கப் பொருந்தாமல் இருக்கலாம் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

என் வரிசை: ‘கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’, ‘நேக்கட் சன்’. பிறகு பழைய ஃபவுண்டேஷன் மூன்று. பிறகு ‘ரோபோட்ஸ் ஆஃப் டான்’, ‘ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்’. அதன்பின் ‘எட்ஜ்’, ‘எர்த்’. கடைசியில் இரண்டு முன்கதைகள்.

1951 நூலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதை நாவல் என்று நினைத்துத் திறப்பவர்கள் அறுபதாம் பக்கத்திலேயே தடுமாறுகிறார்கள். ஐந்து தனிப் பகுதிகள். நான்கு 1942க்கும் 1944க்கும் இடையே இதழில் வந்த கதைகள், முதல் பகுதி மட்டும் நூலுக்காகப் புதிதாக எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் பல ஆண்டுகள் தாவும், பழகிய முகங்கள் காணாமல் போகும். பகுதிக்கு ஓர் அமர்வு என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். பலருக்குப் பிடித்த வில்லன் மியூல் இரண்டாம் நூலின் பிற்பாதியில்தான் வருகிறான். முதல் நூலோடு நிறுத்தியவர்கள் அவனைச் சந்திக்காமலே போய்விடுகிறார்கள்.

ஜனவரி 9, இரவு

மேலே கொடுத்த வரிசை கிட்டத்தட்ட வெளிவந்த வரிசையேதானே, முதல் இரண்டு ரோபோ நாவல்கள் முன்னே வந்து, ‘எட்ஜ்’ இரண்டு இடம் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதானே என்று சுட்டிக்காட்டினார்கள். உண்மை. அத்தனை பத்தி எழுதி அங்கேயே வந்து நின்றிருக்கிறேன்.

தள்ளியதற்குக் காரணம், ‘எட்ஜ்’ முடிந்த கையோடு ‘எர்த்’ தொடங்குகிறது. நடுவில் இரண்டு தடித்த ரோபோ நாவல்களைச் செருகினால் சூடு ஆறிவிடும். ‘எர்த்’தின் கடைசி அத்தியாயத்துக்கு ‘ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்’ கட்டாயம் வேண்டும். இரண்டையும் நிறைவேற்ற இதைத் தவிர வழியில்லை.

ஜனவரி 11

“கதைக்காலப்படி படித்தால் நன்றாக இருக்கும் ஒரு தொடராவது சொல்லுங்கள், இல்லையென்றால் இது வெறும் பிடிவாதம்.”

லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் வொர்கோசிகன் தொடர். புஜோல்டே கதைக்கால வரிசையைத்தான் பரிந்துரைக்கிறார். காரணம், ஒவ்வொரு நாவலையும் தனியே நிற்கும்படி எழுதுகிறார். பின்னால் எழுதி இடையில் செருகிய நாவல்கூட முன்னால் எழுதியவற்றின் ரகசியத்தை உடைக்காது. ‘ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்’ 1986இல் வந்தது. அது விட்ட இடத்தில் தொடரும் ‘பாராயர்’ 1991இல்தான் வந்தது, அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. ஐந்து ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டையும் பின்னாளில் ஒரே தொகுப்பாகப் போட்டார்கள், தையல் தெரியவில்லை. இந்த இரண்டில் தொடங்கி, அடுத்து ‘த வாரியர்ஸ் அப்ரெண்டிஸ்’.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த வரிசைக்காரரும் விலகக் கூடாது: ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’, அதன்பின் ‘மிரர் டான்ஸ்’, அதன்பின் ‘மெமரி’. மூன்றாவதில் நாயகன் செய்யும் பெரிய தவறு ஏன் நேர்ந்தது என்பதன் வேர் இரண்டாவதில் அவன் உடலுக்கு நேர்ந்ததில் இருக்கிறது. நடுவில் உள்ளதைத் தாண்டினால் அவன் வெறும் முட்டாளாகத் தெரிவான்.

ஆக, ‘எப்போதும் வெளிவந்த வரிசை’ என்று ஜனவரி 4இல் தொனித்ததைத் தளர்த்துகிறேன். பின்னால் எழுதிய முன்கதை, முன்னால் எழுதியதன் விடையைச் சொல்கிறதா? சொன்னால் பின்னுக்குத் தள்ளுங்கள். சொல்லவில்லையென்றால் உங்கள் இஷ்டம்.

ஜனவரி 12

தமிழில் உதாரணம் உண்டா என்கிறார்கள். அறிவியல் புனைவில் சிக்கலே இல்லை: ‘என் இனிய இயந்திரா’ முடித்துவிட்டு ‘மீண்டும் ஜீனோ’, சுஜாதா தலைப்பிலேயே வரிசையைச் சொல்லிவிட்டார். துறை தாண்டிப் போனால் கல்கி இருக்கிறார். ‘பார்த்திபன் கனவு’ முதலில் எழுதியது, ‘சிவகாமியின் சபதம்’ அதன்பின் எழுதிய முன்கதை. சபதத்தில் தொடங்கியவருக்குப் பார்த்திபன் கனவில் வரும் கபால பைரவர் யாரென்று ஊகிப்பது அவ்வளவு கடினமில்லை. இதற்கு மேல் போனால் நானே உடைத்துவிடுவேன்.

ஜனவரி 14

டோல்கீன். ‘த ஹாபிட்’ 1937, பிறகு ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முத்தொகுப்பு 1954–55, கடைசியில் ‘த சில்மரில்லியன்’ 1977. இதைத் திருப்பி சில்மரில்லியனில் தொடங்குவது, ஒரு குடும்பத்தோடு பழகும் முன்பே அவர்களின் ஏழு தலைமுறை வம்சாவளியை மனப்பாடம் செய்வது போல. நூலின் பின்னால் பெயர்ப் பட்டியலும் மரபு அட்டவணைகளும் இருக்கின்றன. அங்கே ஒரு துண்டுக் காகிதம் செருகி வைத்துக்கொள்ளாமல் தொடங்காதீர்கள்.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படிக்கும்போது பலர் சிக்கும் இடம் முன்னுரை. ஹாபிட்டுகள் என்ற குள்ள இனத்தாரின் பழக்கவழக்கம், அவர்கள் புகைக்கும் இலை என்று பக்கம் பக்கமாக. இதைத் தாண்டாமலே நூலை மூடியவர்கள் உண்டு. நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள், முதல் பாகம் முடிந்ததும் திரும்பி வாருங்கள். ‘ஹாபிட்’டைப் படிக்காமல் இதில் தொடங்குபவர் முன்னுரையை நிச்சயம் தள்ளிப்போட வேண்டும். மோதிரம் ‘ஹாபிட்’டின் நாயகன் பில்போவிடம் எப்படி வந்தது என்பதை அது சுருக்கிச் சொல்லிவிடுகிறது. இன்னொரு சின்ன ஏமாற்றம்: மூன்றாம் பாகத்தில் வலது கையில் இன்னும் கனமாகப் பக்கங்கள் இருக்கும்போதே கதை முடிந்துவிடும். மீதி ஆறு பின்னிணைப்புகள். அவற்றில் முதலாவதை மட்டுமாவது விடாதீர்கள், அரகோர்ன், ஆர்வென் இருவரின் கதை அதற்குள்தான் இருக்கிறது.

ஜனவரி 14, சற்று நேரத்தில்

முத்தொகுப்பு என்று எழுதியதற்கு உதை வாங்கிவிட்டேன், நியாயம்தான். டோல்கீன் எழுதியது ஒரே நாவல், உள்ளே ஆறு பகுதிகள். போருக்குப் பிந்தைய தாள் விலையால் பதிப்பாளர் மூன்றாகப் பிரித்தார். இதற்கு நடைமுறைப் பயன் உண்டு: இரண்டாம் பாகத்தின் முடிவை முடிவு என்று நினைத்து அடுத்த நூலை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். அது அத்தியாயத்தின் நடுவில் விளக்கை அணைப்பது போல.

இதே நிலை டான் சிம்மன்ஸின் ‘ஹைபீரியன்’ நூலுக்கும். 1989 நூல் யாத்திரிகர்கள் போகும் இடத்தை நெருங்கும்போதே நின்றுவிடும். 1990இல் வந்த ‘த ஃபால் ஆஃப் ஹைபீரியன்’ பக்கத்தில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஜனவரி 17

டியூன். ஆறு நூல்கள் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதியவை: 1965, 1969, 1976, 1981, 1984, 1985. ஆறாவது முடியாமல் தொங்குகிறது, 1986இல் அவர் இறந்துவிட்டார். 1999 முதல் அவர் மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஜே. ஆண்டர்சனும் சேர்ந்து எழுதியவை தனி வண்டி. கதைக்காலப்படி அவற்றில் சில முதல் நூலுக்கு முன் வருகின்றன, அங்கே தொடங்குவது பெரிய தப்பு. முதல் டியூன் மர்மத்தாலும் பாதி சொல்லி நிறுத்துவதாலும் ஆனது. விளக்கி எழுதிய முன்கதைகள் அந்த இருட்டில் குழல்விளக்கைப் போடுகின்றன.

முதல் ஐம்பது பக்கத்தில் கைவிடுவோர் அதிகம். காரணம், அந்த உலகத்துக்கென்றே உருவாக்கிய புதுச் சொற்கள். பின்னால் சொற்பட்டியல் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. மின்னூலில் அது கண்ணில் படவே படாது, உள்ளடக்கத்தில் தேடி அடையாளமிட்டு வையுங்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓடாதீர்கள். மூன்றாவது முறையும் அதே சொல் வந்து, சூழலில் இருந்தும் விளங்கவில்லை என்றால் மட்டும் போங்கள்.

நிறுத்த நினைப்பவருக்கு: ஒன்றோடு நிறுத்தலாம், முழுமையாகவே இருக்கும். ஆனால் இரண்டாவதான ‘டியூன் மெசையா’தான் ஆறிலும் சிறியது, முதலாவதில் நாம் கைதட்டிய வெற்றிக்கு என்ன விலை என்று அது கேட்கிறது. அதைப் படிக்காமல் ‘நாயகன் ஜெயித்த கதை’ என்று டியூனைப் பற்றிப் பேசுபவரோடு வாதாடுவது வீண்.

ஜனவரி 18

சுவையான எதிர்வாதம்: “ஹெர்பர்ட்டே எல்லாவற்றையும் உடைக்கிறாரே? துரோகி யாரென்று ஆரம்ப அத்தியாயங்களிலேயே சொல்லிவிடுகிறார்.” ஆமாம், எதிரி முகாமின் அத்தியாயத்தில் பெயரோடு சொல்கிறார், அத்தியாயத் தலைப்பு மேற்கோளிலும் சொல்கிறார். அதுவும் அவர் போட்ட கணக்கு. யார் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, தெரிந்தும் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றத்தை வைக்கிறார். எழுத்தாளர் தானே ஜன்னலைத் திறப்பது வேறு, பதிப்பாளர் எண் போட்டுச் சுவரை இடிப்பது வேறு.

ஜனவரி 21

எர்த்ஸீ, உர்சுலா லெ குவின். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும், கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ 1968, ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ 1971, ‘த ஃபார்தெஸ்ட் ஷோர்’ 1972. பதினெட்டு வருடம் கழித்து ‘டெஹானு’ 1990, அட்டையில் எர்த்ஸீயின் கடைசி நூல் என்றே போட்டார்கள். 2001இல் மேலும் இரண்டு: ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ என்ற கதைத் தொகுப்பு, ‘தி அதர் விண்ட்’ என்ற நாவல். கடைசி என்று அட்டையில் போடும் பதிப்பாளர்களை நம்பக் கூடாது என்பது உபரிப் பாடம். தொகுப்பில் உள்ள ‘டிராகன்ஃப்ளை’ கதை ‘டெஹானு’வுக்கும் கடைசி நாவலுக்கும் பாலம். ‘சிறுகதைதானே, பிறகு பார்க்கலாம்’ என்று தாண்டியவர்கள் கடைசி நாவலில் திடீரென வரும் ஒருத்தி யாரென்று விழிக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு. அதே தொகுப்பின் முதல் கதை ‘த ஃபைண்டர்’, நாவல்களுக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடப்பது. ரோக் தீவின் மந்திரப் பள்ளி எப்படித் தொடங்கியது என்பது அதில் வருகிறது. கதைக்காலப்படி அதுதான் முதலில் வரும். ஆனால் முதல் மூன்று நாவல்களில் ரோக் ஆண்களின் பள்ளி. பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று அங்கே பழமொழியே வழங்குகிறது, வாசகரும் அதை அந்த உலகத்தின் இயற்கை என்று ஏற்றுக்கொண்டு நகர்கிறார். முப்பது ஆண்டு கழித்து லெ குவின் திரும்பி வந்து, அந்தப் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்கள் இருந்தார்கள், வரலாறு அவர்களைத் துடைத்துவிட்டது என்கிறார். நாம் எதைக் கேள்வியில்லாமல் ஏற்றோம் என்று அப்போதுதான் உறைக்கிறது. முதலில் படித்தால் இது ஒரு தகவல். கடைசியில் படித்தால் கன்னத்தில் அறை.

ஜனவரி 22

சுருக்கமாகச் சில. ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’: பதினான்கு பாகம், ஒரு முன்கதை. முன்கதை ‘நியூ ஸ்பிரிங்’ பத்தாவதற்குப் பிறகு வந்தது, அங்கேயே வைத்துப் படியுங்கள். 2007இல் ஜோர்டன் இறந்தபின் கடைசி மூன்றை அவர் குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் முடித்தார். எட்டு முதல் பத்து வரை சேற்றில் நடப்பது போலிருக்கும். பத்தாவது மிக மோசம், ஏனென்றால் ஒன்பதாவதின் முடிவில் நடந்த பெரிய நிகழ்வின்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றே பெரும்பகுதி போகிறது. அத்தியாயத் தலையில் உள்ள சின்னம் யாருடைய, எதைப் பற்றிய அத்தியாயம் என்று கோடிகாட்டும். விரைந்து புரட்ட வேண்டியதை அதை வைத்து முடிவு செய்யலாம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’: நான்காவதும் (2005) ஐந்தாவதும் (2011) பெரும்பாலும் ஒரே காலத்தில் நடப்பவை, பாத்திரங்களை வைத்துப் பிரித்தவை. இரண்டையும் அத்தியாயம் அத்தியாயமாகக் கலந்து படிக்கும் பட்டியல்கள் சுற்றுகின்றன. முதல் வாசிப்புக்கு வேண்டாம், நான்காவது தனக்கென்று ஒரு மெதுவான ஓட்டம் வைத்திருக்கிறது, கலந்தால் அது செத்துவிடும். நான்காவதின் முடிவில், மற்ற பாதி அடுத்த ஆண்டே வந்துவிடும் என்று தான் நம்புவதாக மார்ட்டின் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டு ஆனது. ஆறாவது நூலைப் பற்றிக் கேட்காதீர்கள்.

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட், நாற்பத்தொன்று. இங்கே மட்டும் வெளிவந்த வரிசையை நானே மீறச் சொல்வேன். 1983இல் வந்த முதல் நூல் பழைய ஃபேண்டஸிகளைக் கிண்டல் செய்வது, கிண்டல் செய்யப்பட்டவை தெரியாவிட்டால் பாதிச் சிரிப்பு போச்சு. ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ அல்லது ‘மார்ட்’ எடுத்துத் தொடங்குங்கள். தொடரே வேண்டாம், ஒன்றே ஒன்று போதும் என்பவருக்கு ‘ஸ்மால் காட்ஸ்’.

ஜனவரி 25

மொழிபெயர்ப்பில் படிக்கும்போது வெளிவந்த வரிசையே இரண்டாகிவிடுகிறது என்று ஒருவர் சொன்னது சரியான பிடி. ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கியின் விட்சர் தொடரில் இரண்டு சிறுகதைத் தொகுப்பு, பிறகு ஐந்து நாவல். ஆங்கிலத்தில் முதல் தொகுப்பு 2007, உடனே 2008இல் முதல் நாவல். இரண்டாம் தொகுப்பான ‘சோர்ட் ஆஃப் டெஸ்டினி’ 2015இல்தான். நாயகன் கெரால்ட்டும் சிறுமி சிரியும் முதலில் சந்திப்பதே அந்தத் தொகுப்பில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கிலத்தில் படித்தவர்கள், இந்தப் பெண்ணுக்காக இவன் ஏன் உயிரைக் கொடுக்கிறான் என்று புரியாமலே படித்தார்கள். இப்போது அந்த மன்னிப்பு இல்லை: ‘த லாஸ்ட் விஷ்’, ‘சோர்ட் ஆஃப் டெஸ்டினி’, பிறகு ‘பிளட் ஆஃப் எல்வ்ஸ்’.

லியு சிஷினின் ‘த்ரீ-பாடி பிராப்ளம்’ இன்னும் விசித்திரம். ஆங்கிலத்தில் சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காட்சியோடு தொடங்குகிறது. 2008 சீன நூலில் அது நடுவில் இருந்தது. கென் லியுவின் 2014 மொழிபெயர்ப்பு அதை முன்னுக்குக் கொண்டுவந்தது, ஆசிரியரும் அதைத்தான் விரும்பினார். அப்படியானால் ‘எழுத்தாளர் வைத்த வரிசை’ என்று நான் அடித்துப் பேசுவது எந்த வரிசையை? இந்த இடத்தில் கொஞ்சம் தலையைச் சொறிகிறேன்.

ஜனவரி 26

பதிப்பு பற்றிச் சொல்வதாக இருந்தேன். ‘ஹாபிட்’டின் 1937 பதிப்பில் கொல்லம் (Gollum) என்ற பாத்திரம் விடுகதைப் போட்டிக்கு மோதிரத்தையே பரிசாக வைக்கிறான், தோற்றதும் அதைக் காணாமல் மன்னிப்புக் கேட்டு வழிகாட்டுகிறான். அடுத்த நூலில் மோதிரம் யாரும் மனமுவந்து தராத பொருளாகிவிட்டதால், 1951 பதிப்பில் ஐந்தாம் அத்தியாயத்தை டோல்கீன் மாற்றினார். பழைய வடிவத்தையும் வீணாக்கவில்லை, பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். ஸ்டீபன் கிங் தன் ‘த கன்ஸ்லிங்கர்’ (1982) நூலை, ‘த டார்க் டவர்’ தொடரின் முடிவோடு பொருந்த 2003இல் திருத்தினார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் ஒன்று, 1831இல் ஒன்று. கையில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு வாதத்துக்கு வாருங்கள்.

‘சோலாரிஸ்’ கதை இன்னும் சோகம். ஸ்டானிஸ்வாஃப் லெம் 1961இல் போலிஷில் எழுதியது. 1970 ஆங்கில நூல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆக்கியது, லெம்முக்கு அது பிடிக்கவில்லை. நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு, பில் ஜான்ஸ்டன் செய்தது, 2011இல் ஒலிநூலாகத்தான் முதலில் வந்தது. கையில் உள்ள பிரதியில் நாயகி பெயர் ரேயா என்றிருந்தால் பழையது, ஹரே என்றிருந்தால் நேரடி. ஒரு பெயரைப் பார்த்தாலே போதும்.

ஜனவரி 29

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: “சரி, ஒரே ஒரு நூலை மட்டும் என் வழியில் படிக்க விடுங்கள்.”

விடுகிறேன். இயன் எம். பேங்க்ஸின் ‘யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்’, 1990. அத்தியாயங்கள் இரண்டு இழையாக மாறி மாறி வரும். ஒன்று, இரண்டு என்று எழுத்தில் எண்ணிட்ட இழை முன்னோக்கிப் போகும். ரோமன் எண்ணிட்ட இழை பதின்மூன்றில் தொடங்கி ஒன்றுக்கு இறங்கும், காலமும் பின்னோக்கிப் போகும். உங்கள் கொள்கைப்படி ரோமன் ஒன்றில் தொடங்கிப் பதின்மூன்று வரை ஏறி, பிறகு மற்ற இழையைப் படியுங்கள். எந்த நாற்காலியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மீதிப் பக்கங்களை எதற்காகப் புரட்டுகிறீர்கள் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

ஜனவரி 29, பின்குறிப்பு

அதே எழுத்தாளரின் ‘சர்ஃபேஸ் டீட்டெயில்’ (2010) நூலை அதற்கு முன் தொடக்கூடாது. நூலின் கடைசிச் சொல் ஒரு பெயர். ‘யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்’ படிக்காதவருக்கு அது அச்சுப்பிழை மாதிரி தெரியும்.

கடைசிப் பக்கத்தைப் பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள், தெரியும்.